மூன்றாம் பிரதி

நேற்றைய பத்திரிகையில் ஆல்டர்டன் துரை இறந்திருந்தார்.
இரண்டு பத்தி, ஒரு படம்.
அரசுகளுக்கு ஆலோசகர், ஏழு நூல்களின் ஆசிரியர்,
பினாங்கில் ஒன்பதாண்டு என்று ஒரு வரி.

அந்த வரிக்குள்தான் நான் இருந்தேன்,
பீச் ஸ்ட்ரீட் வங்கியின் மாடியில்,
மணி ஐந்தானதும் பேரேட்டை மூடிவிட்டு
அவர் சொல்லச் சொல்லத் தட்டச்சு அடித்தபடி.
பக்கத்துக்கு ஐந்து காசு.
இரண்டு கரித்தாள், மூன்று பிரதி.
முதலாவது லண்டனுக்கு,
அடுத்தது இரும்புப் பெட்டிக்கு,
மூன்றாவது, எழுத்து மங்கியது, குப்பைக்கு.

ஒரு மழை நாள்.
"ஊரே ஒருவனை நம்புகிறதே,
அதற்கு உங்கள் பாஷையில் என்ன?" என்றார்.
நாணயம் என்றேன்.
"அது காசு என்றாயே, போன வாரம்?"
இரண்டும் அதுதான் துரை.
சுருட்டு அணைந்தது தெரியாமல்
சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
பிறகு சொல்லத் தொடங்கினார், வேகமாக.
என் விரல்கள் பின்னால் ஓடின.

உலகம் படித்த முதல் அத்தியாயம் அது.
"கீழைநாட்டுப் பழமொழி ஒன்று உண்டு" என்று ஆரம்பிக்கும்.
பழமொழிக்கு அப்போது வயது இருபத்துமூன்று.
புலாவ் திக்குஸிலிருந்து சைக்கிளில் வரும்.

குண்டு விழுந்த டிசம்பரில்
ஓர் இரவு வெள்ளைக்காரர்கள் கப்பலேறினர்.
காலையில் போனேன். கதவு பூட்டியிருந்தது.
நாற்பத்தோரு பக்கம் பாக்கி:
இரண்டு வெள்ளி ஐந்து காசு.

போர் முடிந்து புத்தகம் வந்தது.
முன்னுரையில், தாம் கடன்பட்டவர்களின் பட்டியல்:
மனைவி, கிளப் நண்பர்கள், ஒரு நாய்.
கூட்டல் சரிபார்ப்பதுபோல
விரலை வைத்து மேலிருந்து கீழே வந்தேன்.

குப்பைக்குப் போகாத மூன்றாம் பிரதியை
நேற்றிரவு விளக்கில் தூக்கிப் பிடித்தேன்.
முதல் வரி:
"என் கிராணி செபமாலை சொன்னான்."
அவர் சொல்லி, என் பெயரை நானே அடித்தது.
ஓர் எழுத்து பிசகியிருக்கிறது;
அன்று திருத்தக் கூச்சம்.
பெயரை எடுத்தது அவரா, லண்டனா, தெரியாது.

ஆறு வருடம் வராவிட்டால்
வாராக் கடன் என்று தள்ளி எழுதச்
சொல்லித் தந்தவரே அவர்தான்.
நான் தள்ளவில்லை.
என் ஏட்டில் இன்னும் பற்று என்ற பக்கத்தில் கிடக்கிறது
அந்த இரண்டு வெள்ளி ஐந்து காசு.

அந்தச் சொல்லை அவர் கேட்கவே இல்லை.
கேட்டிருந்தால்
அதற்கும் இரண்டு பொருள் சொல்லியிருப்பேன்.