பதினாலு துண்டு

மொத்தம் பதினாலு துண்டு.
இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.
எட்டுக் குமிழ் வைத்த வெள்ளைக் கட்டை நாலு,
இறக்கைக்கு நீளச் சிவப்பு இரண்டு,
வாலுக்கு ஒன்று,
சரிவாய் வெட்டிய நீலக் கண்ணாடி ஒன்று,
அதன் பின்னால் ஓர் ஆள் உட்காரும் பள்ளம்.
ஆள் இல்லை.
மீதியை வரிசையாய்ச் சொல்ல வராது,
விரலுக்குத் தெரியும்.

ஒன்றின் மேல் ஒன்றை அழுத்தும்போது
ஒரு சின்ன டக்.
கீழக்கரையில் அந்த வருஷம் நான் கேட்ட சத்தங்களில்
அதுதான் சுத்தமானது.
ஒட்டியதைப் பிரிக்கப் பல் வேண்டும்.
இடது இறக்கையின் ஓரத்தில்
என் பால்பல் பதிந்த தடம் இரண்டு.
பல் விழுந்தது,
தடம் விழவில்லை.

கரை ஒதுங்கும் ஒற்றைச் செருப்புகளை
பிளேடால் வட்டம் வட்டமாய் அறுத்து
ரோச் எனக்குச் சக்கரம் செய்து தந்தான்.
ஒன்று பச்சை, ஒன்று ஊதா,
மூன்றாவதில்
யாரோ ஒருவரின் குதிகால் தேய்த்த பள்ளம்.
அதனால் விமானம் எப்போதும்
கொஞ்சம் நொண்டித்தான் ஓடியது,
பாய் மேல், அரிசி மூட்டை மேல்,
சுஜூதில் குனிந்த உம்மாவின் முதுகு மேல்.

பள்ளிக்கூடத்துக்கு மேலே
உச்சிப்புளியிலிருந்து நேவி விமானம் போகும்.
கணக்கு வாத்தியார் சாக்பீஸைக் கையில் பிடித்தபடி
சத்தம் ஓயட்டும் என்று நிற்பார்.
வகுப்பே ஜன்னலுக்கு ஓடும்.
நான் ஓடமாட்டேன்.
அதன் வயிறு சாம்பல் நிறம்.
ஒரு குமிழ்கூடக் கிடையாது.
பிரித்தால் திரும்பச் சேர்க்கவும் முடியாது.
அதைப் போய் என்ன பார்ப்பது?

வாப்பா ஜித்தாவிலிருந்து
இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வருவார்.
மேலேயிருந்து பார்த்தால் கடல் எப்படி இருக்கும்
என்று கேட்டேன்.
நடு சீட்டுடா, என்றார்.
இந்தப் பக்கம் ஒருத்தர் தூங்கினாரு,
அந்தப் பக்கம் ஒருத்தர் அழுதாரு,
நான் முன்சீட்டு முதுகப் பாத்துக்கிட்டே வந்தேன்.

அன்று ராத்திரி விமானத்தைப் பிரித்து
ஒரு வெள்ளைக் கட்டையை விலக்கி
பக்கவாட்டில் ஓட்டை வைத்தேன்.
ஜன்னல்.
அதற்குப் பிறகு இறக்கை நிற்கவில்லை.

ஒரேயடியாகத் தொலையவில்லை அது.
ஒன்று சாக்கடையில்,
ஒன்றை ஆடு மென்று துப்பியது,
நீலக் கண்ணாடியை ரோச் கேட்டு வாங்கி
அவன் அப்பாவின் வள்ளத்து அணியத்தில்
கீல் வைத்து ஒட்டினான்.
ஒரு வாரம்போல
அது மட்டும் கடல் பார்த்தது.

நேற்று ஜொஹரா லாத்தாவுக்குப் போன் போட்டேன்,
வால் சிவப்பா மஞ்சளா என்று கேட்க.
மஞ்சள் என்றாள்.
சிவப்பு என்றேன்.
பத்து நிமிஷம் சண்டை.
இருவருக்கும் ஐம்பது நெருங்குகிறது.
பெட்டி மேலே படம் இருக்குமே லாத்தா,
மேகத்துக்குள்ளே சிவப்பு வால்.

அந்தப் பக்கம் எண்ணெய் பொரியும் சத்தம்.
பெட்டியா?
பெட்டி ஏதுடா, ஒரு பாலித்தீன் பை.
வாப்பா டிரைவரா இருந்த வூட்டுல
அந்தப் புள்ளைங்க குப்பையில போட்டது.
பொறுக்கிக் கழுவிக் கொண்டாந்தாரு.
எதோடயும் எதுவும் சேராது.
வீடா, லாரியா, கப்பலா,
என்னத்துக்குள்ள துண்டோ,
யாருக்குத் தெரியும்.

அப்போ அதை விமானம்னு யார் சொன்னது?

நீதான்.
பையக் கவுத்ததும் ரெண்டக் கையில எடுத்தே,
வாயால சத்தம் போட்டே.
சரி, மீன் கருகுது, வை.

தொண்டியில் கடை ஷட்டர் பாதி இறங்கியிருந்தது.
தெருவில் ஆள் இல்லை என்று பார்த்துக்கொண்டு
வெறுங்கையைக் கொஞ்சம் மேலே தூக்கி
உதட்டைக் குவித்தேன்.

முதலில் காற்றுதான் வந்தது.