வலது கீழ் மூலை

வியாழக்கிழமைகளில் நூலகத்தில் கூடுவோம், ஆறு பேர்.
விளக்கை அணைத்தால் சுவரில் படங்கள்.
காய்தோ பல் மருத்துவர்.
நடுவை அவர் பார்ப்பதே இல்லை.
கடைவாயில் சொத்தை தேடுகிறவர்போல
நான்கு மூலைகளையும் ஒரு சுற்றுச் சுற்றி
விரலை நீட்டுவார்:
"இது என்ன?"

ஒரு சுள்ளி. பாதி இலை. என் கட்டைவிரலின் நிழல்.
ஒருமுறை, நான் ஓட்டும் பேருந்தின் பக்கக் கண்ணாடி.
நான் பார்த்தது கொக்கை மட்டும்.
கேமரா எதையும் விட்டுவைக்கவில்லை.

படம் எடுப்பது என்கிறோம்.
எடுப்பதில் இரண்டு உண்டு.
பழத்தை எடுப்பது.
முள்ளை எடுப்பது.
முதல் குளிர்காலம் முழுக்க
நான் பழமாகவே எடுத்துக்கொண்டிருந்தேன்.
ஆறாயிரம் படம்,
கூடை நிறைய அழுகல்.

சோமா சதுப்பில் பைன் மரங்கள்
நூறு வயதிலும் என் தோளுக்குமேல் வளர்வதில்லை.
மரத்தை நகர்த்த முடியாது, மேகத்தை முடியாது,
நீ நகரலாம், இரண்டடி போதும் என்றார்கள்.
பலகைப் பாதையை விட்டு இரண்டடி போனேன்.
முழங்கால்வரை பாசி.
அங்கிருந்து பார்த்தபோது
மரத்தின் உச்சியில் முட்டிக்கொண்டிருந்த மின்கம்பம்
மரத்துக்குப் பின்னால் போய்விட்டது.
ஒரு பூட்ஸ் இன்னும் அங்கேதான் இருக்கிறது.

தொடுவானத்தை நடுவில் வைக்காதே.
சாய்ந்திருந்தால், வேண்டுமென்றே சாய்த்தாய் என்று
பிறர் நம்பும்படி சாய்.
பறக்கிற பறவைக்கு முன்னால் வெளி விடு,
பின்னால் அல்ல,
அது போக வேண்டுமே.
பேருந்து நேர அட்டவணையின் முதுகில்
எழுதிவைத்துக்கொண்டேன் எல்லாவற்றையும்.

ஏப்ரலில் ஹலிஸ்தே ஆறு கரையை மறந்தது.
இங்கே அதற்கு ஐந்தாவது பருவம் என்று பேர்.
ரீசாவுக்கு முன்பே சாலை தண்ணீருக்குள் இறங்கிவிட,
எனக்கு விடுமுறை.
தம்பி உர்மாஸின் படகைக் கேட்டு வாங்கினேன்,
ஒற்றை மரத்தில் குடைந்தது,
தும்மினால் கவிழும்.

அதில் முக்காலியை எங்கே நிறுத்துவது?
இரண்டடி நகர்வது என் கையில் இல்லை,
தண்ணீர் நகர்த்தியது.
நான் சட்டகம் போட்டு முடிக்குமுன்
சட்டகம் வேறு.
தொடுவானத்தை எங்கே வைப்பது என்ற கேள்வியே இல்லை.
வேலிக்கம்பங்கள் மட்டும்
தங்கள் தலைகீழ்களின்மேல் நின்றுகொண்டிருந்தன.

வைக்கோல் மேட்டில் ஓர் எல்க் மான்.
பெண். நனைந்த வயிறு.
இடது ஓரத்தில் அவளை வைத்தேன்.
அவள் பார்க்கும் பக்கம் முழுக்க வெறும் தண்ணீர்.
மூலைகள் நான்கும் சுத்தம்.
மூச்சைப் பிடித்தேன்.

டொக்.

படகின் விலாவில் எதுவோ இடித்தது.
காது திரும்பியது, பிறகு தலை,
பிறகு அவள் மொத்தமாகத் தண்ணீரில்.
இடித்தது ஒரு சிவப்பு பிளாஸ்டிக் வாளி.
அவசரமே இல்லாமல் ஒருமுறை சுழன்று
என் முன்னால் நீந்திப் போனது.
ஏன் அழுத்தினேன் என்று தெரியாது.
அழுத்தினேன்.

ஆளில்லாத மேடு.
மான் விட்டுப்போன வளையங்கள்.
வலது கீழ் மூலையில் வாளி.

வியாழக்கிழமை அது சுவரில் விழுந்ததும்
காய்தோவின் விரல் எழுந்தது.
நான் பதில் யோசித்து வந்திருந்தேன்,
இந்த முறை எதையும் எடுக்கவில்லை என்பதுபோல ஏதோ,
கொஞ்சம் கர்வமான பதில்.
அவர் கேட்குமுன்
பின் நாற்காலியில் ஸல்மே எழுந்துவிட்டாள்.
"அது என் சானா வாளி!
கைப்பிடியில் கம்பி கட்டியிருக்கே, பார்,
நான் கட்டினது."

எல்லாரும் சிரித்தோம்.
அவள் சிரிக்கவில்லை.
வெள்ளம் அவள் குளியல் குடிலையே
கொண்டுபோயிருந்தது,
கேள்விப்பட்டிருந்தோம்,
அந்த நொடியில் மறந்திருந்தோம்.
சுவரருகே போய் நின்றாள்.
வைக்கோல் மேடு அவள் கம்பளிச் சட்டைமேல் விழுந்தது.

"எந்தப் பக்கமாப் போச்சு?"

வலப்பக்கம் என்றேன்.
அவள் வலப்பக்கம் பார்த்தாள்.
வாளியைத் தாண்டி ஒரு விரல்கடை தண்ணீர்.
அப்புறம் சுவர்.
சுவரில் விளக்கின் சுவிட்ச்.

அது போக
நான் இடம் விட்டிருக்கவில்லை.