ஐம்பத்தைந்து மைல்

டனீடினில், சமையலறை மேசையில்
எல்லாம் கட்டங்களுக்குள் அடங்கியிருந்தது.
நாளுக்கு முப்பது கிலோமீட்டர். நூறு நாள்.
மூவாயிரம்.
நகராட்சியில் இருபத்திரண்டு ஆண்டு
வரிக்கணக்கு பார்த்தவள்.
எனக்குக் கூட்டல் பிசகாது.

வடமுனைக் கலங்கரை விளக்கிலிருந்து
முதல் நாள் நடந்தது பன்னிரண்டு.
அதிலும் கடைசி மூன்று நடையில்லை, பேரம்.
அந்தக் கறுப்புப் பாறை வரைக்கும் வா,
அரைச் சாக்லேட் தருகிறேன் என்று
என் முழங்காலிடம் நானே.

இரவு பையைக் கவிழ்த்துக் கொட்டினேன்.
பத்தொன்பது கிலோ.
மழைக்கு ஒன்று, பெருமழைக்கு ஒன்று,
பெருமழையில் நனைந்தால் மாற்ற ஒன்று.
காப்பி வடிகட்டி.
தினமும் எழுத ஒரு தடித்த நோட்டு;
முதல் பக்கத்தில் தேதி,
தேதிக்குக் கீழே நசுங்கிய கொசு.
பயம்தான் எவ்வளவு நேர்த்தியாக மடிந்து
பைக்குள் உட்கார்ந்துகொள்கிறது!

மறுநாள் கடற்கரை.
தொண்ணூறு மைல் என்று பெயர்.
இருப்பது ஐம்பத்தைந்து.
அந்தக் காலத்தில் குதிரையில் வந்தவர்கள்
மூன்று நாள் ஆயிற்றே,
நாளுக்கு முப்பது மைல் என்று பெருக்கிவிட்டார்கள்
என்று ஒரு கதை.
மணலில் குதிரை தள்ளாடியதை
யாரும் கழிக்கவில்லை.
எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு வரவில்லை.

வலப்புறம் கடல். இடப்புறம் மணல்மேடு.
மூன்று மணி நேரம் நடந்தும்
இரண்டும் இடம் மாறவில்லை.
பால்ட்வின் தெருவின் செங்குத்தில்
ஆறு மாதம் ஏறி இறங்கி
மலைகளுக்காகத் தொடையை வளர்த்தவள் நான்.
தட்டையை நினைக்கவே இல்லை.
தட்டைக்கு உச்சி கிடையாது,
எங்கே நின்று மூச்சு வாங்குவது?

சுற்றுலாப் பேருந்து ஒன்று
ஈரமணலில் சீறிக்கொண்டு போனது.
கண்ணாடிக்குள்ளிருந்து கையசைத்தார்கள்.
என் மூன்று நாளை
அவர்கள் மதியச் சாப்பாட்டுக்குள் முடித்துவிடுவார்கள்.
நானும் அசைத்தேன்,
கையில் ஊன்றுகோல் இருந்தது,
மிரட்டுவதுபோல் பட்டிருக்கும்.

கடல் வற்றிய இடத்தில் ஒருத்தி
குதிகாலை மணலில் திருகித் திருகி
துவாத்துவா சிப்பி எடுத்துக்கொண்டிருந்தாள்.
பெயர் ஙாஹுயா. தே காவோவில்
பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள்.
வாளிக்குக் காவலாக ஆறு வயது மகன்.

“எதுவரைக்கும்?”
“பிளஃப். தென்கோடி.”
“ஓ” என்று வாளியை எட்டிப் பார்த்தாள்.
“எல்லாரும் அதைத்தான் சொல்கிறார்கள்.
நான் கேட்டது இன்றைக்கு.”

பதில் இல்லை என்னிடம்.
கட்டங்களில் இருந்தது, நாக்கில் இல்லை.
உட்கார்ந்து காலணியைக் கழற்றினேன்.
இடது சுண்டுவிரல்
வேறு யாருடையதோ போலிருந்தது.

“எங்கள் ஆட்கள் செத்த பிறகு
இந்த மணல்வழியாகத்தான் வடக்கே போவார்கள்,
நீங்கள் தொடங்கினீர்களே, அந்த முனைக்கு.
எதிரே வருகிறீர்கள்.
கொஞ்சம் இடம் விட்டு நடங்கள்.”
சிரித்தபடி சொன்னாளா, தெரியவில்லை.
வெயில் அவள் முதுகுக்குப் பின்னால் இருந்தது.

பையன் என் பையைச் சுற்றி வந்தான்.
உள்ளே என்ன, உள்ளே என்ன என்றான்.
காப்பி வடிகட்டியை எடுத்துக் கொடுத்தேன்.
உடனே அதில் மணலை அள்ளி
கடலைச் சலிக்கத் தொடங்கிவிட்டான்.
நூறு கிராம்தான்.
இருந்தும் எழுந்தபோது
தோள்பட்டை பொய் சொன்னது, இறங்கிவிட்டதென்று.
அந்தப் பொய்யை வைத்துக்கொண்டு
இன்னும் நாலு கிலோமீட்டர் போனேன்.

மணல்மேட்டின் மறைவில் கூடாரம்.
ஙாஹுயா கொடுத்த ஏழு சிப்பிகள்
கொதிநீரில் ஒவ்வொன்றாய் வாய் திறந்தன.
ஒன்று திறக்கவில்லை.
அதை விட்டுவிட்டேன்.

நோட்டில், கொசுவுக்குக் கீழே:
இரண்டாம் நாள். பதினாறு.
பதினேழாகவும் இருக்கலாம்,
சில இடங்களில் வளைந்து நடந்தேன்,
எதிரே யாரும் இல்லாதபோதும்
இடம் விட்டு.