நாற்பது சென்டிமீட்டர்

ஜனவரி மூன்றாம் வாரம்.
ஓலு கரையிலிருந்து தீவு வரைக்கும்
கடலுக்கு மேல் ஒரு சாலை திறக்கிறோம்.
துளை போடுவது என் வேலை.
நூறு மீட்டருக்கு ஒரு துளை,
துளைக்குள் ஒரு கொக்கிக் கோல்,
நோட்டில் ஓர் எண்.
நாற்பதுக்குக் குறைந்தால் கார் போகக் கூடாது.

தூலிக்கி நேற்றிரவு பதினேழு முறை அழைத்தாள்.
முதல் அழைப்பில்
உலகத்தில் அவளுக்கு நான் ஒருவன்தான்.
ஒன்பதாவதில் அப்பாவின் அச்சு.
பதினேழாவதில் பேச்சே இல்லை,
அவள் வீட்டு ஃபிரிட்ஜ் உறுமுவது மட்டும்.
நான் வைக்கவில்லை.
அவளும் வைக்கவில்லை.
அப்படியே விடிந்தது என்று சொல்ல ஆசை.
இரண்டே காலுக்கு நான் தூங்கிப்போனேன்.

போன இலையுதிர் காலத்தில்
அவளுடைய முப்பத்தொன்றாம் வயதில்
அதற்கு ஒரு பெயர் கிடைத்தது.
எல்லைநிலை ஆளுமைக் கோளாறு.
டாக்டர் ஹெல்லெவி அந்தத் தாளை
என் பக்கம் திருப்பி வைத்தார்.
கோளாறு என்றால் எனக்குத் துளைக்கும் எந்திரம்தான்.
பிளக்கைக் கழற்றித் துடைத்து மாட்டினால் ஓடும்.
"இவளை எங்கே கழற்றுவது?" என்றேன்.
தூலிக்கி சிரித்தாள்.
டாக்டர் சிரிக்கவில்லை.

யார் காரணம் என்றும் கேட்டேன்.
பிறவியிலேயே மெல்லிய தோலாக இருக்கலாம்,
ரத்தத்தில் வந்திருக்கலாம்,
வீடாக இருக்கலாம்,
எல்லாம் ஒன்றையொன்று பிடித்து இழுத்திருக்கலாம்.
எத்தனை லாம்!
நோட்டில் எழுத ஓர் எண்கூட இல்லை.

எனக்கும் அதே வீடுதானே.
வாரக்கணக்கில் பேசாமலிருக்கத் தெரிந்த அதே அம்மா.
காகித ஆலையிலிருந்து வெள்ளிக்கிழமை வரும் அதே அப்பா,
சாவி திரும்பும் சத்தத்திலேயே
அன்றைய வானிலை தெரிந்துவிடும்.
ஆறு வயதில் அவள் அழுதபோது
"ஒன்றும் நடக்கவில்லையே, எதற்கு அழுகிறாய்" என்றார்கள்.
நடந்தது.
நான் பார்த்தேன்.
"ஒன்றும் நடக்கவில்லை" என்று நானும் சொன்னேன்.
எனக்கு ஒன்பது வயது.

அசைவில்லாத குளிரில் உறையும் கடல் கறுப்பாக இருக்கும்,
கண்ணாடி மாதிரி. எடை தாங்கும்.
உறைகிற நேரத்தில் பனி விழுந்து ஊறினால் வெள்ளை.
பார்வைக்குத் தடிமன், பலம் பாதி.
இரண்டும் ஒரே கடல்.
எப்போது எது விழுந்தது என்பதுதான்.
இதை நான் டாக்டரிடம் சொல்லவில்லை.

அவர் கொடுத்த சிறு புத்தகத்தை
வேனில் ஹீட்டர் போட்டுப் படித்தேன்.
எல்லோரையும் சந்தேகிப்பவர்கள்,
கைதட்டல் இல்லாவிட்டால் மூச்சுத் திணறுபவர்கள்,
பட்டியல் போட்டே வாழ்க்கையைத் தவறவிடுபவர்கள்.
தங்கச்சியின் பக்கத்தைத் தாண்டி விரல் ஓடியது.
'அவமானத்துக்கு அஞ்சி அழைப்புகளைத் தவிர்ப்பவர்.'
பதினொரு வருடமாக ராய்மோ சனிக்கிழமை சானாவுக்குக் கூப்பிடுகிறான்.
பதினொரு வருடமாக எனக்கு ஜலதோஷம்.
'தன்னைப் பிடிக்கும் என்று உறுதியானால் மட்டுமே பழகுபவர்.'
பென்சில் கையிலிருந்தது.
மூன்று இடத்தில் கோடு போட்டுவிட்டு நிறுத்தினேன்.
நான்கு இருந்தால் பெயர் உண்டாம்.

முப்பத்தொன்பது, நாற்பது.
வருடா வருடம் நான்தான் அந்தக் கோட்டைக் கிழிக்கிறேன்.
கீழே இருக்கும் தண்ணீருக்கு
அப்படி ஒரு கோடு தெரியாது.

சாலைக்கு என்று ஒரு விதி உண்டு:
முன் காருக்கும் பின் காருக்கும் ஐம்பது மீட்டர் இடைவெளி,
நடுவில் நிறுத்தக் கூடாது.
அவளால் இடைவெளி விட முடியாது.
என்னால் அதைக் குறைக்க முடியாது.
நல்ல ஜோடி.

இன்று பதினோரு மணிக்கு, நாற்பத்தாறாம் துளையில்,
போன் அடித்தது.
செவ்வாய்க்கிழமைக் குழுவில் ஏதோ கற்றுத்தருகிறார்கள்,
அழைப்பதற்கு முன்னால் பெயர் வைக்க, அளக்க.
"பயம்," என்றாள். "பத்துக்கு ஏழு.
நேற்று ஒன்பது.
நீ தூங்கியது தெரியும், குறட்டை கேட்டது."
எழுத வேறு எதுவும் கிடைக்காமல்
அளவு நோட்டின் ஓரத்தில் எழுதினேன்: ஏழு.

"உனக்கு?" என்றாள்.

கோல் துளைக்குள்ளேயே நின்றது.
கறுப்புத் தண்ணீர் மெல்ல ஏறி வந்து
விளிம்புக்குக் கீழே
நான்கு விரலில் நின்றது.
"இரு," என்றேன்,
"பார்த்துச் சொல்கிறேன்."