கடைசி இரண்டு வளைவுகள்

கிரஹுல்னா மலைமேல் அந்த ஜனவரியில்
மூன்றே இரவுகள்தான் வானம் திறந்தது.
இரண்டாவது என் முறை.
ஓடும் விண்மீன் ஒன்றைக்
குறுக்கு நூலின்மேல் தொண்ணூறு நிமிடம்
நகராமல் பிடித்துவைக்க வேண்டும். அதுதான் வேலை.
கம்பளிக் காலுறை மூன்று ஜோடி. பயனில்லை.

கீழே, பனி தள்ளும் டிராக்டரின் உறுமல்.
ஹுடாக்.
ஆறு மணிக்குப் பால் வண்டி வருவதற்குள்
அவர் பாதையைத் திறந்தாக வேண்டும்.
கடைசி இரண்டு வளைவுகளில்
முகவிளக்கை அணைத்துவிடுவார்.
தானாகச் செய்கிறார் என்றே வெகுநாள் நினைத்திருந்தேன்;
எங்கள் இயக்குநர் ஒருமுறை கத்தியிருக்கவும் கூடும்.

அன்று உறுமல் பாதியில் நின்றது.
இரும்பு எதிலோ மோதிய சத்தம்.
பிறகு ஒன்றுமில்லை.
நான் கண்ணை எடுக்கவில்லை.
இதை எழுதும்போதும் கை தயங்குகிறது:
கண்ணை எடுக்கவில்லை.
முப்பத்தைந்து நிமிடம் மிச்சமிருந்தது.

தகட்டை மூடிவிட்டு லாந்தரோடு ஓடினேன்.
பள்ளத்தில் சாய்ந்த டிராக்டர்.
அதன் இருக்கையில் அவர்,
இடது தோளை வலக்கையால் தாங்கிக்கொண்டு.
"தீக்குச்சிகூட உரசல," என்றார்.
"முடிஞ்சுதா?"

எலும்பு சேர ஆறு வாரம் ஆயிற்று.
அதற்குள் நான் தகடுகளைக் கழுவி, காயவைத்து,
பூதக்கண்ணாடியின் கீழே வரிவரியாகப் போய்க்கொண்டிருந்தேன்.
எல்லாம் கரும்புள்ளிகள்.
ஒன்று மட்டும் சிறு கோடு.
என் இமைமுடிதான் விழுந்து கிடக்கிறதென்று
ஊதிப் பார்த்தேன். போகவில்லை.
மறுநாள் தகட்டில் அதே கோடு
வேறோர் இடத்தில் இருந்தது.

முதலில் பெயர் கிடையாது.
ஆண்டும், பின்னால் இரண்டு எழுத்தும்,
கைதிக்குக் கொடுப்பதுபோல.
பிறகு மூடுபனி. பிறகு தொலைந்தது.
யாரோ தெற்கே ஒருமுறை பார்த்தார்கள்,
வேறு யாரோ, வேறொன்று என்று நினைத்து, இருமுறை.
கணக்குகள் ஒன்றையொன்று அடையாளம் கண்டு
இரண்டாயிரத்துச் சொச்சம் என்று எண் வந்தபோது
இருபத்தோரு வருஷம் போயிருந்தது.
மின்கட்டண ரசீதுகளுக்கு நடுவில் இருந்தது அந்தக் கடிதம்.

பெயர் வைப்பது கண்டவர் உரிமை.
பதினாறு எழுத்துக்குள் இருக்க வேண்டும்.
தளபதிகள் என்றால் செத்து நூறு வருஷம் ஆகியிருக்க வேண்டும்.
இயக்குநர் தன் ஆசிரியரின் பெயரைச் சொன்னார்.
கட்சிச் செயலாளர் ஓர் உருக்காலையின் பெயரை.
நான் எங்கள் லிபியில் ஐந்தே எழுத்து எழுதினேன்.
காரணம் கேட்ட கட்டத்தில்:
"சாலை ஊழியர். இந்தத் தகடு பதிவான இரவில்
விளக்கேற்றாமல் இருந்தவர்."

சொல்லப் போனபோது ஹெர்மினா
உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தார்.
"பணம் ஏதும் வருமா?"
வராது.
"நம்ம தலைல விழுமா?"
விழாது. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே
அது தன் பாட்டில் சுற்றிக்கொண்டிருக்கும்.
"அப்ப சரி."

ஹுடாக் கேட்டது வேறு.
"அதுக்குச் சொந்த வெளிச்சம் உண்டா?"
இல்லை. வெயில் பட்டால் தெரியும், அவ்வளவுதான்.
தலையாட்டினார்,
வேலைக்குச் சேரும் புது ஆளைப் பற்றி
விசாரித்து முடித்தவர்போல.
ஒரு சுற்றுக்கு எவ்வளவு காலம் என்றார்.
நாலு வருஷம், இரண்டரை மாசம்.
விரல்விட்டு எண்ணினார், வலக்கையால் மட்டும்;
இடக்கை இன்னும் தோளுக்குமேல் எழும்பாது.

"அப்படின்னா எனக்கு இப்ப வயசு பதினஞ்சு."

ஹெர்மினா கையிலிருந்த தோலை
அவர்மேல் எறிந்தார்.