இரண்டு சுற்று முன்னால்

மே மாதத்து வேலூர்.
கோட்டை மதில் வெந்து
அகழித் தண்ணீர் பச்சையாய்த் தடித்துக் கிடக்கிற மத்தியானம்.
நான் ஐஸ் டப்பாவுக்குள் கை விட்டுக்கொண்டிருக்கிறேன்.

நாற்பத்தேழாம் எண் குழாய்.
பெயர் எனக்குத் தெரியாது, தெரியவும் கூடாது.
பெண், வயது ஆறு, தன்பாத்
என்று மட்டும் பாரத்தில்.
இரண்டு ராத்திரி ரயிலில் தூங்கி
காட்பாடியில் இறங்கி வந்த ரத்தம்.

டி.என்.ஏ. கல்வெட்டு மாதிரி.
மழையில் கிடந்தாலும் படித்துக்கொள்ளலாம்.
உடம்பின் எல்லா அறையிலும் அதே கல்வெட்டு.
கண்ணுக்கு வேண்டிய வரியைக் கண் வாசிக்கும்,
ஈரல் தன் வரியை.
வாசித்த குரல்தான் ஆர்.என்.ஏ.
என் விரல் வியர்வை ஒரு துளி பட்டால்
குரல் போச்சு.

டிரைசால் ஊற்றி, குளோரோஃபார்ம் விட்டு,
குலுக்கிச் சுழற்றினால்
அடியில் இளஞ்சிவப்பு,
நடுவில் பாலாடை போல ஒரு வெள்ளை ஏடு,
மேலே வெறும் தண்ணீராய்த் தெரிவது.
அந்த வெறும் தண்ணீரில்தான் குரல்.
பேராசைப்பட்டு பிப்பெட்டை ஆழ விட்டால்
ஏடு கலந்துவிடும்.
கொஞ்சம் மிச்சம் வைத்து எழ வேண்டும்,
பந்தியில் நாகரிகம் தெரிந்தவர்கள் மாதிரி.

நான் தேடுவது காமா.
கருவில் அவளுக்கு மூச்சு சுமந்த மரபணு.
பிறந்து சில மாதத்தில் விளக்கை அணைத்துப் படுத்துவிட்டது,
எல்லாருக்கும் போலத்தான்.
அடுத்து வேலைக்கு வந்த பீட்டா
அவளுக்கு மட்டும் கோணலாய் வந்தது:
ரத்த அணு அரிவாளாய் வளைந்து
போகிற வழியெல்லாம் மாட்டிக்கொள்கிறது.
மூன்று மாதமாய் ஒரு மாத்திரை
படுத்ததைத் தட்டி எழுப்பப் பார்க்கிறது.
எழுந்ததா?

கேட்க முடியாத அளவு சின்ன குரல்.
அதனால் நகலெடுத்து, நகலை இரட்டித்து,
இரட்டித்ததை மறுபடி இரட்டித்து
ஒவ்வொரு சுற்றுக்கும் பொட்டுப் பச்சை வெளிச்சம் சேர்த்து
இருட்டில் காத்திருக்கிறது இயந்திரம்.
நிறைய இருந்தால் வெளிச்சம் சீக்கிரம் வரும்.
கொஞ்சம் இருந்தால் சுணங்கி வரும்.
எண் சிறுத்தால் பேச்சு பெருத்தது என்று அர்த்தம்.
இந்தத் தலைகீழ்க் கணக்கு பழக
எனக்கு ஒரு வருஷம் பிடித்தது.

மூன்றே காலுக்கு கரண்ட் போனது.
யு.பி.எஸ். கீச்சிட்டது. ஏ.சி. செத்தது.
திரையில் கோடுகள் எழுந்து வளைந்தன.

மாத்திரைக்கு முன்: இருபத்தேழு.
மாத்திரைக்குப் பின்: இருபத்தைந்து.
இரண்டு சுற்று முன்னால்!
நாலு மடங்கு!
நான் போட்ட சத்தத்தில்
பக்கத்து அறை தபசும்
டீயை வாசலில் வைத்துவிட்டு ஓடி வந்தாள்.
திரையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.
"ஆக்டின் எவ்வளவு?"

ஆக்டின் எல்லா செல்லிலும் உண்டு.
உள்ளே தூணும் விட்டமும் தாங்குகிற வேலை.
காய்ச்சலோ கல்யாணமோ
கூடாது, குறையாது என்று நம்பி
அதைப் படிக்கல்லாய் வைத்து
மற்றதை எடை போடுகிறோம்.

முன்: இருபது.
பின்: பதினெட்டு.

அதுவும் இரண்டு சுற்று முன்னால்.
இரண்டாம் குழாயில் சரக்கே கூடுதலாய் விழுந்திருக்கிறது.
அந்த நாலு மடங்கு
என் கை.

தபசும் ஒன்றும் சொல்லவில்லை.
ஆறிய டீயில் பாதியை எனக்கு ஊற்றினாள்.
"படிக்கல்லையே மாத்திரை தொட்டிருந்தால்?" என்றேன்.
"இன்னும் ரெண்டு கல் வெச்சுப் பாரு" என்றாள்.
மைனஸ் எண்பதில் மிச்சம் இருக்கிறது,
ஒரு தடவைக்கு வரும்,
கை நடுங்காமல் இருந்தால்.

ஆறரைக்கு வெளியே வந்தேன்.
லாட்ஜ் தெருவில் வங்காளி எழுத்துப் பலகைகள்,
கடுகெண்ணெயில் மீன் பொரிகிற வாசம்.
ஒரு சின்னப் பெண்
மிளகாய்ப்பொடி தூவிய மாங்காய்க்காக
இந்தியில் ஊரைக் கூட்டிக்கொண்டிருந்தாள்.
அப்பா சட்டைப்பையைத் துழாவினார்.
ஆறு வயது இருக்கும். ஏழும் இருக்கலாம்.
இந்தத் தெருவில் ஆறு வயதுப் பிள்ளைகள் எத்தனையோ.

பாகாயம் பஸ்ஸில் நின்றபடி
டிக்கெட்டின் பின்பக்கம் எழுதிக்கொண்டேன்:
47, மறுபடி.
காலையில் ஐஸ்.