முப்பத்தேழாம் கேள்வி

களியக்காவிளை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே
பேக்கரிக்கு மேல் மாடி.
கீழே பழம்பொரி வேகும் வாசனை,
மேலே ஸ்பிரிட்டும் பஞ்சும்.
கடலுக்குள் இரும்பு மேடையில் வேலைக்குப் போகிறவர்கள்
என் மேஜையைத் தாண்டித்தான் போகவேண்டும்.

எடை, உயரம், சர்க்கரை.
மஞ்சள்காய்ச்சல் ஊசிக்கு மஞ்சள் புத்தகம்.
வாரம் ஒரு மலேரியா மாத்திரை,
ஞாயிறு பூசை நேரத்துக்கு என்று
நானாகச் சேர்த்துச் சொல்வேன், மறக்காதிருக்க.
படிவம் இங்கிலீஷில். நான் தமிழில் கேட்பேன்,
பாறசாலைக்காரர்களிடம் மலையாளத்தில்.
முப்பத்தாறுவரை யாரும் தயங்குவதில்லை.

முப்பத்தேழு:
உங்களைப் பிடித்துவைத்து யாராவது பணம் கேட்டால்
உயிரோடிருப்பது நீங்கள்தான் என்று நாங்கள் அறிய
ஒரு கேள்வி எழுதுங்கள். பதில்
உங்களுக்கும் வீட்டில் ஒருவருக்கும் மட்டுமே தெரிந்திருக்கவேண்டும்.
பிறந்த தேதி கூடாது. வள்ளத்தின் பெயர் கூடாது.
போனில் இருக்கிற எதுவும் கூடாது.

அங்கே பேனா நின்றுவிடும்.
வள்ளவிளை டைட்டஸ் ஒரு பெண்ணின் பெயரை எழுதி,
'வீட்டில் ஒருவர்' என்பதை மறுபடி படித்துவிட்டு
காகிதம் கிழிய அடித்தான்.
இன்னொருத்தர் கேட்டார்:
"எனக்கும் பொண்டாட்டிக்கும் மட்டும் தெரிஞ்சத
கம்பெனிக்கு எதுக்கு எழுதணும்?"
என்னிடம் பதில் இல்லை.
உறை இருந்தது, அரக்கு இருந்தது,
பச்சை இரும்பு அலமாரி இருந்தது.

நீரோடி எஸ்தாக்கி எழுதினான்:
கல்யாணத்தன்று மழையில்
என் எந்தக் கால் செருப்பு போனது?
பதில்: வலது.
விதிப்படி மனைவியைப் போனில் கேட்டேன்.
கிளாரிபெல் சொன்னாள், இடது.
ஸ்பீக்கரில் பத்து நிமிஷம் சண்டை.
"உனக்க வலது கால நான் மிதிச்சேன்,
செருப்பு இருந்துது, எனக்குத் தெரியாதா?"
அந்தப் பத்து நிமிஷமும்
காகிதத்தில் அவன் செத்துத்தான் கிடந்தான்.
பிறகு இடதுக்கு இறங்கிவந்தான்.

ஏழு மாதம் கழித்து வந்தான், படியேறி மூச்சு வாங்க.
"மாத்திர போட்டா கனவு மேடம்.
கடல் ஏணி ஏறி வந்து கட்டில்ல படுக்குது.
நிறுத்திட்டேன்."
அப்புறம் காய்ச்சல், நூற்றி நாலு.
மேடை டாக்டர் பேர் கேட்டாராம், சொன்னானாம்.
ஊர் கேட்டாராம், சொன்னானாம்.
"நானே எனக்கு அந்தக் கேள்வியக் கேட்டேன்.
வலதா இடதா, தெரியல்ல.
யாரும் பிடிக்காமலே பிடிபட்டுப் போனேன்."

இந்தமுறை கிளாரிபெல்லும் வந்திருந்தாள்.
கேள்வி அவளுடையது.
வாசிக்கமாட்டேன் என்றேன்; வாசித்தேன்.
ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து எழுதிய பதில்
ஒன்றாகவே இருந்தது,
ஒரே எழுத்துப்பிழையோடு.
அதை இங்கே சொல்வதற்கில்லை.

பிறகு கையில் பட்டையைச் சுற்றினேன்.
நூற்றி அறுபத்தெட்டு.
பேனுக்கடியில் பத்து நிமிஷம், ஒரு டம்ளர் தண்ணீர், மறுபடி.
நூற்றி அறுபத்தாறு.
"நூத்தி முப்பதுன்னு போடுங்க மேடம். லோன் கெடக்கு."
கிளாரிபெல் ஜன்னல்வழி
பொழியூர் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
போடு என்று சொல்லவில்லை.
போடாதே என்றும் சொல்லவில்லை.
அந்த மேடையில் நெஞ்சு வலித்தால்
ஹெலிகாப்டர் வர மூன்று மணிநேரம்,
அதுவும் பகலாக இருந்தால்.
அறுபத்தாறு என்றே எழுதினேன்.

உறை அலமாரியில் இருக்கிறது.
ஆள் ஊரில் இருக்கிறான்.

போன வாரம் பேக்கரிப் பையன்
ஒரு பை கொண்டுவந்து வைத்தான்.
சாளை, ஒரு கிலோ இருக்கும், ஐஸ் உருகவில்லை.
"ஒரு அக்கா தந்தாவ. பேரு சொல்லல்ல."
நன்றியா, கோபமா என்று
செதில் சுரண்டி முடியும்வரை யோசித்தேன்.
குழம்பில் குடம்புளி
கொஞ்சம் கூடிப்போனது.